பாக்யராஜ் படத்துல பொய் சொல்றது யாரு?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பாக்யராஜ் படங்களைப் பத்தித்தான். அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோச்சுக்காதீங்க. அவரே நடத்தின 'பாக்யா' பத்திரிகைல வாசகர் கேள்விக்கு பதில் எழுதுறப்ப ஒரு குட்டிக் கதையைச் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவாரு. நமக்கு அந்தக் கை வராது, நேரா போயிடலாம்.

பாக்யராஜ் படம்னாலே முருங்கைக்காயும் டபுள் மீனிங்கும்தானே சார்? இதுல உக்காந்து ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? (ஈரோடு வாசகர்)

பக்கத்து ஊர்க்காரர் ஆச்சே, கோபி பக்கம் வெள்ளாங்கோயில்ல பொறந்தவரை நீங்களே இப்படிச் சொல்லலாமா? சரி, அந்த முருங்கைக்காயையே எடுத்துக்குவோம். 'முந்தானை முடிச்சு' 1983ல வந்துச்சு. பொண்டாட்டி செத்துப்போய் கைக்குழந்தையோட ஊருக்கு வர்ற வாத்தியார், அவரைக் கட்டிக்கணும்னு ஆசைப்படுற பரிமளம். அவ என்ன பண்றா? பஞ்சாயத்துல நின்னு இவர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாருன்னு பச்சைப் பொய் சொல்றா, அதுவும் அந்தக் குழந்தையையே தாண்டி சத்தியம் பண்ணி. ஊரே நம்பிடுது, கல்யாணமும் நடந்துடுது, ஆனா அவரு அவளைத் தொட மாட்டேங்கிறாரு. சித்திக்காரி வந்தா பிள்ளையை என்ன பண்ணுவாளோங்கிற பயம் ஒரு பக்கம், பிள்ளை மேலயே பொய் சத்தியம் பண்ணவங்கிற கோவம் ஒரு பக்கம். இதுக்கு அப்புறம்தான் சார் முருங்கைக்காய் வருது! அவ சொன்ன பொய் ரெண்டு பேருக்கும் நடுவுல சுவரா நிக்குது, அதை சாம்பார் வச்சு உடைக்கப் பாக்குறா, அதனாலதான் அந்த சீன் சிரிப்பாவும் இருக்கு, கொஞ்சம் பாவமாவும் இருக்கு. கடைசில எந்தக் குழந்தை மேல பொய் சொன்னாளோ அந்தக் குழந்தைக்காக, எனக்குன்னு ஒரு பிள்ளையே வேணாம்னு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கிளம்புறா. முருங்கைக்காயை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டது நம்ம தப்புதான், படம் அதோட நிக்கல.

இதைப் புடிச்சுக்கிட்டா மத்த படங்களும் புரிய ஆரம்பிக்கும். அவரோட நல்ல கதைகள்ல யாராவது ஒருத்தர் ஒரு பொய் சொல்லியிருப்பாங்க, இல்லன்னா எதையாவது மறைச்சிருப்பாங்க. 'இது நம்ம ஆளு' (1988) முழுக்கவே அப்படித்தான், நாவிதர் வீட்டுப் பையன் ஐயர் வீட்டுப் பையனா இருக்கிறது. டைரக்‌ஷன் பாலகுமாரன்னு போட்டாலும் திரைக்கதைல யாரு கைன்னு பாத்தாலே தெரியும். அந்த வேஷத்தைப் பாத்து முதல் பாதி முழுக்க சிரிச்சோம் இல்ல, அந்த சிரிப்புக்கெல்லாம் ரெண்டாம் பாதில பில்லு போட்டு நீட்டுவாரு. வெறும் காமெடி டைரக்டருங்க பில்லு வர்றதுக்குள்ள படத்தை முடிச்சுடுவாங்க.

ஏன் எல்லாப் படத்துலயும் அவரு அசடாவே வர்றாரு? (திருநெல்வேலி வாசகர்)

அசடா இல்லங்க, அசடு மாதிரி. பாரதிராஜாகிட்ட உதவி இயக்குநரா இருந்த பாக்யராஜை அந்த பாரதிராஜாவே 1979ல 'புதிய வார்ப்புகள்'ல ஹீரோவாக்கினப்போ குரல் கங்கை அமரன் குடுத்தது. இவரோட சொந்தக் குரல் வேலைக்காவாதுன்னு நெனச்சிருப்பாங்க போல, பின்னாடி பாத்தா அந்தக் கரகர குரலும் கண்ணாடியும்தான் அவரோட மொத்த சொத்து. எம்ஜிஆர் மாதிரி அடிக்கவும் முடியாது, சிவாஜி மாதிரி அழவும் முடியாது, அப்ப பேசித்தானே ஜெயிக்கணும். அதனாலதான் அவரு படத்துல க்ளைமாக்ஸ்ங்கிறது பெரும்பாலும் ஒரு பேச்சு. இன்னொண்ணு கவனிச்சீங்களா, 'புதிய வார்ப்புகள்'ல வாத்தியார், 'முந்தானை முடிச்சு'ல வாத்தியார், 1992 'சுந்தர காண்டம்'லயும் வாத்தியார். ஊரே மரியாதை குடுக்குற வேலை, ஆனா பையில காசும் கிடையாது, உடம்புல பலமும் கிடையாது. அந்த மரியாதைக்கு ஒரு பொண்ணு மூலமா ஆபத்து வருது, இவரு முழி பிதுங்குறாரு. கவனிச்சுப் பாருங்க, கதையை நகத்துறது அந்தப் பொண்ணு, இவரு மாட்டிக்கிட்டு முழிக்கிறவரு மட்டும்தான். அந்தக் காலத்து ஹீரோவுல எத்தனை பேர் இதுக்கு ஒத்துப்பாங்க?

'அந்த 7 நாட்கள்' முடிவு எனக்குச் சுத்தமா பிடிக்கல. வசந்தி மாதவன் கூடத்தானே போயிருக்கணும்? தாலி சென்டிமென்ட் வச்சு ஏமாத்திட்டாரு. (தஞ்சாவூர் வாசகி)

உங்க கோவத்துல பாதி நியாயம் இருக்கும்மா. கதை தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். 1981ல வந்த படம். கல்யாணம் முடிஞ்ச ராத்திரியே வசந்தி தற்கொலைக்கு முயற்சி பண்றா, புருஷன் ஆனந்த் டாக்டர், காப்பாத்திடறாரு. அவரு சாகக் கிடக்கிற அம்மாவுக்காக ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டவரு, அம்மா ஒரு வாரம்தான் தாங்கும், அதுவரைக்கும் நடிச்சா போதும், அப்புறம் உன் காதலன்கிட்ட நானே சேத்து வைக்கிறேன்னு சொல்றாரு. இதுக்கு அப்புறம்தான் ஃப்ளாஷ்பேக்ல பாலக்காட்டு மாதவன் ஆர்மோனியத்தோடயும் சிஷ்யன் கோபியோடயும் வர்றாரு.

இந்த வரிசையைப் பாருங்க. மாதவன் கதையை முதல்ல சொல்லிட்டு அப்புறம் கல்யாணம்னு வச்சிருந்தா அது சாதாரணக் காதல் தோல்விப் படம். இவரு தலைகீழா வச்சதால, மலையாளத் தமிழ் கேட்டு நாம விழுந்து விழுந்து சிரிக்கிறப்பவே இந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் ஆயிடுச்சுன்னு நமக்குத் தெரியும், மாதவனுக்குத்தான் தெரியாது. சிரிப்பு ஒவ்வொண்ணுக்கும் அடியில அது கிடக்கு. நான் பாத்த வரைக்கும் அவரு எழுதினதுலயே கெட்டியான திரைக்கதை இதுதான்.

முடிவுக்கு வர்றேன். மாதவன் சொல்றது, என் காதலி உங்களுக்கு மனைவி ஆகலாம், உங்க மனைவி எனக்குக் காதலி ஆக முடியாதுங்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, தியேட்டர்ல கைதட்டு வாங்கின பேச்சு, ஆனா வசந்திக்கு என்ன வேணும்னு யாரும் சரியா கேக்கல, ரெண்டு நல்ல ஆம்பளைங்க பேசி முடிவு பண்ணிட்டாங்க. 'மௌன கீதங்கள்'லயும் அதே வருஷம் அவரேதான், ஆனா அங்க ஒரு தடவை சறுக்கின புருஷனை விட்டுட்டு சரிதா தனியா போய் நிக்கிறாங்க, அவங்க கோவத்துக்குப் படம் மரியாதை குடுக்குது. அதனால அவருக்குப் பொண்ணுங்களைப் புரியலைன்னு சொல்ல மாட்டேன். தாலின்னு வந்தா மட்டும் கை நடுங்குது, அவ்ளோதான்.

மாதவன் ஏன் மலையாளி? தமிழனாவே இருந்திருக்கலாமே. (கோவை வாசகர்)

இருந்திருந்தா மெட்ராஸ்ல அவ்வளவு தனியாளா தெரிஞ்சிருக்க மாட்டாரு. மியூசிக் டைரக்டர் ஆகணும்னு வந்தவருக்கு ஊரும் புதுசு, பேச்சும் அரைகுறை, அதனாலதான் வசந்தி இரக்கப்படுறா, இரக்கம் காதலாகுது. இது கதைக்கே அவசியம்னு இந்திக்காரங்களுக்கும் புரிஞ்சிருக்கு. 1983ல இதை 'வோ சாத் தின்'னு டைரக்டர் பாபு எடுத்தப்போ அனில் கபூரை பட்டியாலாவுல இருந்து வர்ற பஞ்சாபி ஆக்கிட்டாங்க.

அவரு படங்கள்ல இன்னிக்குப் பாக்க முடியாதது எது? ஒளிக்காம சொல்லுங்க. (மதுரை வாசகி)

'சின்ன வீடு' (1985). பொண்டாட்டி குண்டா இருக்காங்கிறதையே ஜோக்கா வச்சு ரொம்ப நேரம் ஓட்டுவாங்க. கல்பனா அதுல அவ்வளவு நல்லா நடிச்சதாலதான் படம் தப்பிச்சுது, இல்லன்னா புருஷன் மேல எரிச்சல்தான் வரும். புருஷன் திருந்துறதெல்லாம் சரி, அதுக்கு முன்னாடி நம்மளைச் சிரிக்க வச்சது அந்தம்மா உடம்பைக் காட்டித்தானே.

காமெடி தவிர வேற எதுவும் எடுத்ததில்லையா? (புதுச்சேரி வாசகர்)

'விடியும் வரை காத்திரு' பாருங்க, 1981. பொண்டாட்டியைக் கொல்லத் திட்டம் போடுறவரா அவரே வர்றாரு. அதே அப்பாவி மூஞ்சி, ஆனா வயித்தைக் கலக்கும். நான் மேல சொன்ன பொய் சமாச்சாரம் காமெடி இல்லாம எப்படி இருக்கும்னு அதுல தெரியும்.

'இன்று போய் நாளை வா'வை 'கண்ணா லட்டு தின்ன ஆசையா'ன்னு திருப்பி எடுத்தாங்களே, எது பெஸ்ட்? (சென்னை வாசகர்)

இதுக்கு ஓட்டெடுப்பே வேணாம் தம்பி. 2013 படத்துல சந்தானம் வர்ற இடமெல்லாம் சிரிப்புதான், இல்லைன்னு சொல்லல, ஆனா அங்க ஜோக்கு தனியா கதை தனியா ஓடுது. 1981 படத்துல 'ரகு தாத்தா' சீனை நெனச்சுப் பாருங்க. இந்தி கத்துக்க வந்து உக்காந்திருக்கிறவனுக்கு வேண்டியது இந்தி கிடையாது, இந்தி வாத்தியாரோட பொண்ணு. வாத்தியாருக்கு வேண்டியது ஒழுங்கா ஒரு வாக்கியம் படிக்கிற மாணவன். ரெண்டு பேரும் சீரியஸா இருக்காங்க, ஒருத்தர் கூட நம்மளைச் சிரிக்க வைக்க முயற்சி பண்ணல. ஃப்ரெண்டுங்க மூணு பேருக்கும் ஒரே பொண்ணு மேல கண்ணு, ஒருத்தனை முந்தி ஒருத்தன் அவ வீட்டுல வேஷம் போட்டு நிக்கிறான், அங்கயும் பாருங்க, பொய்தான். சனிக்கிழமை வீட்ல எல்லாரும் இருக்கிறப்ப பழைய படத்தையே போடுங்க, புதுசை அப்புறம் பாத்துக்கலாம்.