மாயா, அஸ்டெக் நாள்காட்டிகளை வகுப்பில் நடத்துவது எப்படி? கேள்வி பதில்

மெக்சிகோ, குவாதமாலா பகுதிகளின் மாயா, அஸ்டெக் மக்களுடைய பழைய நாள்காட்டிகளையும் சித்திரச் சுவடிகளையும் பள்ளியில் நடத்துவது பற்றி ஆசிரியர்கள் கேட்டவையும், என் பதில்களும்.

ஆறாம் வகுப்புக்கு 260 நாள் சுற்றை நடத்துகிறேன். பல்சக்கரப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

சக்கரத்தை அப்புறம் காட்டுங்கள், முதலில் வாய்விட்டு எண்ணட்டும். அஸ்டெக்குகளின் இருபது நாள் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள்: முதலை, காற்று, வீடு, பல்லி, பாம்பு, மரணம், மான், முயல், நீர், நாய், குரங்கு, புல், நாணல், ஜாகுவார், கழுகு, பிணந்தின்னிக் கழுகு, அசைவு, கல்கத்தி, மழை, பூ. ஒரு வரிசைப் பிள்ளைகள் எண்ணைச் சொல்ல, அடுத்த வரிசை பெயரைச் சொல்லட்டும். எண் 13 வரைதான் போகும், அதன்பின் 1. பெயரோ நிற்காமல் ஓடும். 13 நாணலுக்கு அடுத்த நாள் 1 ஜாகுவார். 7 பூவோடு பெயர்கள் தீர்ந்துவிட, அடுத்தது 8 முதலை. அந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை, "அப்போ 1 முதலை திரும்ப எப்போ வரும்?" என்று கேட்கும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். 13-க்கும் 20-க்கும் பொதுக் காரணி இல்லாததால்தான் 260 நாள் ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் இதைச் சேர்க்க முடியுமா?

தாராளமாக. 365 நாள் ஆண்டும் மாயா, அஸ்டெக் மக்களிடம் உண்டு: இருபது நாள் மாதங்கள் பதினெட்டு, கூடவே ஐந்து நாள். 260-உம் 365-உம் ஒரே இடத்துக்குத் திரும்ப 18,980 நாள் ஆகும், அதாவது 52 ஆண்டு. மீச்சிறு பொது மடங்குக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது மீதிக் கணக்கு. ஒவ்வொரு ஆண்டுக்கும் அதில் வரும் ஒரு குறிப்பிட்ட நாளின் எண்ணும் பெயருமே பெயர். 365-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே ஆண்டின் எண் வருஷத்துக்கு ஒன்று கூடும். 20-ஆல் வகுத்தால் மீதி 5, எனவே பெயர் ஐந்தைந்தாகத் தாவும். இருபது பெயர்களில் நாலுக்கு மட்டும்தான் ஆண்டுக்குப் பெயராகும் வாய்ப்பு: நாணல், கல்கத்தி, வீடு, முயல். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் மெக்சிகோ கரையில் இறங்கிய 1519, அஸ்டெக் கணக்கில் 1 நாணல். தலைநகர் டெனோச்டிட்லான் வீழ்ந்த 1521 என்ன ஆண்டு என்று கேளுங்கள். 3 வீடு என்று வகுப்பே சொல்லிவிடும்.

ஒரே ஒரு சுவடியைத்தான் காட்ட நேரமிருக்கிறது. எதைக் காட்டலாம்?

கோடெக்ஸ் மெண்டோசா. ஸ்பானியர் வந்து சுமார் இருபது ஆண்டுகளில் மெக்சிகோ நகரில் உள்ளூர் ஓவியர்கள் வரைந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். அதன் மூன்றாம் பகுதியில் குழந்தை வளர்ப்பைக் காட்டும் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அப்பாவும் மகனும், மறுபக்கம் அம்மாவும் மகளும். குழந்தைக்கு அருகில் புள்ளிகள், சோள ரொட்டி. பெரியவர் வாயெதிரே ஒரு சுருள்.

விளக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். புள்ளிகள் வயது என்பது முதலில் பிடிபடும். மூன்று புள்ளிக்கு அரை ரொட்டி, நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்றரை, பதின்மூன்றுக்கு இரண்டு என்று சாப்பாட்டு அளவு அடுத்துப் பிடிபடும். சுருள் பேச்சைக் குறிக்கிறது என்பதற்குச் சிலருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இப்படி ஒரு பக்கத்தைத் தானே படித்துவிட்ட பிள்ளை இதை வெறும் பொம்மைப் படம் என்று ஒருபோதும் சொல்லாது. ஒன்று, தண்டனைக் காட்சிகளும் உண்டு. பதினோரு வயதுப் பிள்ளையை மிளகாய்ப் புகையில் பிடிப்பதுகூட இருக்கிறது. சின்ன வகுப்பென்றால் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுவடி செய்யும் கைவேலைக்குத் தாளை டீ டிகாஷனில் நனைத்துப் பழசாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மாயா சுவடிகளுக்கு அத்திவகை மரப்பட்டைத் தாள். தென் மெக்சிகோவின் மிஷ்டெக் மக்களுடைய சுவடிகளுக்கு மான்தோல். இரண்டின் மேலும் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் பளிச்சென்ற நிறங்களில் வரைந்தார்கள். புதிதாக இருந்தபோது அவை வெள்ளை வெளேரென்று இருந்தன. நீளத் தாளை விசிறிபோல் மடித்து, வெள்ளை போஸ்டர் கலர் பூசினால் போதும்.

மாயா என்பதும் நம் மயனும் ஒன்றா என்று கேட்கிறார்கள்.

அதற்குச் சான்று இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அந்த நாள்கணக்கு அங்கேயே பிறந்து வளர்ந்தது என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. குவாதமாலாவின் சான் பார்த்தோலோவில் '7 மான்' என்ற நாள் எழுதிய சுவர்த் துண்டு கிடைத்திருக்கிறது, 2,200 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

மாயா நாள்காட்டிப்படி 2012-இல் உலகம் அழியும் என்றார்களே, அது?

மாயா நாள்கணக்கில் 1,872,000 நாள் கொண்ட ஒரு பெருஞ்சுற்று 21 டிசம்பர் 2012-இல் நிறைந்தது, மறுநாள் எண்ணிக்கை தொடர்ந்தது. அவ்வளவுதான். பழைய மாயா நகரமான பலெங்கேயின் கல்வெட்டு ஒன்று 4772-ஆம் ஆண்டில் வரும் ஒரு நாளைக் குறிக்கிறது. அழிவை எதிர்பார்த்தவர்கள் அப்படி எழுதுவார்களா?

சுவடிகளை எரித்ததைச் சொன்னால் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். தவிர்த்துவிடலாமா?

கூடாது. 1562 ஜூலையில் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மானி ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். இன்று மிஞ்சியிருக்கும் மாயா சுவடிகள் நாலே நாலு. மூன்று ஐரோப்பாவில், டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில், ஒன்று மெக்சிகோவில். இது தெரியாமல் சுவடிகளைப் படித்தால், ஏன் இவ்வளவு குறைவு என்பதே புரியாது.

ஆனால் அதே பாடவேளையில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். குவாதமாலா மலைப்பகுதியில் கிச்சே மாயா மக்களின் நாள்கணிப்பவர்கள் 260 நாள் எண்ணிக்கையை இன்றும் கணித்து வருகிறார்கள். மோமோஸ்தெனாங்கோ ஊரில் 8 பாட்ஸ் (அஸ்டெக் வரிசையில் குரங்குக்கு இணையான பெயர்) நாள் பெரிய விழா. எனவே பாடக்குறிப்பில் 'மறைந்துபோன நாகரிகம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, இவர்களைப் பற்றி நிகழ்காலத்தில் எழுதுங்கள்.