நச்சுயிரியை எதிர்க்கும் பப்பாளி: கேட்டவையும் பதில்களும்

நச்சுயிரியின் (வைரஸின்) மரபணு ஒன்றைச் செடிக்குள் வைத்து, அதே நச்சுயிரியை எதிர்க்கும் பப்பாளியை உருவாக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சிங்கப்பூர்ச் சமூகத் தோட்ட நண்பர்கள் கேட்டவற்றுக்கு, செடி நோயியல் படித்தவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

ஈசூன் நண்பர்: நச்சுயிரியின் மரபணுவையே செடிக்குள் வைத்தால் நோய் வந்துவிடாதா, ஐயா?

வராது. வைப்பது நச்சுயிரியின் உறைப்புரதத்துக்கான, அதாவது அதன் மேலுறையாக அமையும் புரதத்துக்கான, ஒரே ஒரு மரபணு. அதைக் கொண்டு நச்சுயிரியால் பெருக முடியாது. இப்படி வைத்த மரபணு செடிக்கு எதிர்ப்பைத் தரும் என்பதை அறிவியலாளர் ரோஜர் பீச்சியின் குழு 1986இல் புகையிலையில் முதலில் காட்டியது. பப்பாளியில் பாதுகாப்புத் தருவது அந்தப் புரதமன்று. செடி, அம்மரபணுவிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.வை (மரபணுச் செய்தியின் நகலான மூலக்கூறை) 21 முதல் 24 வேதியியல் ‘எழுத்து’ நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, அவற்றையே அடையாளமாக வைத்துக்கொண்டு, பின்னர் அதே எழுத்து வரிசையுடன் நுழையும் நச்சுயிரியின் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. செடியிடம் இயல்பாகவே இருக்கும் காவலைத்தான் முன்கூட்டியே விழிக்க வைக்கிறோம் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

தோ பாயோ வாசகி: விவசாயிகளுக்கு உண்மையிலேயே பயன்பட்டதா?

பயன்பட்டது. ஹவாய்த் தீவின் பூனா வட்டாரத்தில் 1992இல் பப்பாளியைத் தாக்கும் வளையப்புள்ளி என்னும் நச்சுயிரி நோய் நுழைந்தபின் சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழியத் தொடங்கின. அசுவினிப் பூச்சி ஒரு செடியில் சில நொடிகள் வாய்வைத்தாலே நோய் பரவிவிடும் என்பதால் மருந்தடித்துத் தடுக்க இயலவில்லை. செடி நோயியலாளர் டென்னிஸ் கோன்சால்வெஸ் குழுவினர் இம்முறையில் உருவாக்கிய ‘ரெயின்போ’ பப்பாளியின் விதை 1998இல் விவசாயிகளுக்குக் கிடைத்தது. அதன் பிறகே அங்கே பப்பாளி நிமிர்ந்தது.

உட்லண்ட்ஸ் அன்பர்: அதைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நோயுற்ற சாதாரணப் பப்பாளியில் இதே உறைப்புரதம் இன்னும் மிகுதியாக இருக்கும். அப்பழங்களை மக்கள் நெடுங்காலமாக உண்டே வந்திருக்கிறார்கள்.

ஜூரோங் நண்பர்: அதே விதையை நம் வட்டாரத்தில் நடலாமா?

பலன் உறுதியில்லை. பாதுகாப்பு, செடியில் வைத்த மரபணுவின் எழுத்து வரிசையும் தாக்கும் நச்சுயிரியின் வரிசையும் ஒத்திருப்பதைச் சார்ந்தது. தைவானில் காணப்படும் நச்சுயிரி வகைக்கு ‘ரெயின்போ’ தாக்குப்பிடிக்கவில்லை. எந்த ஊரில் நடுகிறோமோ அந்த ஊர் நச்சுயிரியின் மரபணுவே வேண்டும்.

பொங்கோல் அக்கா: தாழ்வாரத்து மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது. எதிர்ப்புள்ள விதை தேடட்டுமா?

முதலில் இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியால் பாருங்கள், அக்கா. இலைப்பேனோ சிலந்திப்பேனோ இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். தண்ணீரால் கழுவி, வேப்பெண்ணெய் தெளியுங்கள். வெள்ளை ஈ மொய்த்து, இலை மஞ்சளாகி, புதுத் தளிரும் சுருண்டால் நச்சுயிரியென்று ஐயப்படலாம், அதற்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.