ஒரு லோடு மணலுக்கு இரண்டு தண்டனையா?

கேள்வி: என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். 2022-ல் காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை ஆற்றிலிருந்து ராத்திரியில் ஒரு லோடு மணல் ஏற்றி வந்தபோது பிடிபட்டார். போன வாரம் சிறப்பு நீதிமன்றம் திருட்டுக்கு ஓராண்டு, கனிமவளச் சட்டத்தில் ஓராண்டு என்று தண்டித்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது என்பார்களே?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உண்மைதான் அம்மா, அரசியல் சாசனம் 20(2) அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது தடுப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிப்பதை. ஒரே செயல் இரண்டு குற்றமாக ஆகலாம். மணல் வழக்கு ஒன்றிலேயே 2014-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: அனுமதியில்லாமல் அள்ளுவது கனிமவளச் சட்டக் குற்றம், அரசுக்குச் சொந்தமான மணலைக் கெட்ட எண்ணத்தோடு கொண்டுபோவது திருட்டு. மேல்முறையீட்டில் இதையே பிடித்துத் தொங்கினால் வேலைக்காகாது.

வழக்குக் கட்டில் நான் முதலில் தேடுவது ஒரு புகாரை. கனிமவளச் சட்டம் 22-ம் பிரிவுப்படி, அரசு அதிகாரமளித்த அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் அந்தச் சட்டத்தில் வழக்கையே எடுக்க முடியும். திருட்டுக்கு போலீஸ் குற்றப்பத்திரிகை போதும், இதற்குப் போதாது. பல கட்டுகளில் வி.ஏ.ஓ. ஸ்டேஷனில் கொடுத்த புகாரும் குற்றப்பத்திரிகையும்தான் இருக்கும். உங்கள் கட்டும் அப்படியென்றால், இரண்டில் ஒரு தண்டனை ஆட்டம் காணும்.

அப்புறம் தீர்ப்பின் கடைசிப் பக்கம். 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மொத்தமே ஓராண்டுதான். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 31-ம் பிரிவுப்படி ஒன்று முடிந்து அடுத்தது, அதாவது இரண்டு ஆண்டு. எல்லாம் ஒரே ராத்திரி, ஒரே லோடு என்பதால் ஏககாலமாக்கக் கேட்க நல்ல காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த நியாயம் எடுபடும் இடமும் இதுதான். ரிமாண்டில் இருந்த நாட்களையும் கழிக்கச் சொல்லுங்கள்.

சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில், 60 நாளுக்குள். கூடவே தண்டனையை நிறுத்திவைக்கவும் மனு போடுங்கள். வக்கீல் பீஸுக்கு வழியில்லை, அவர் உள்ளே இருக்கிறார் என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்க அவருக்கு உரிமை உண்டு.