சயாம் ரயில்பாதையில் எங்கே தேடுவது? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். காஞ்சனபுரி பயணம் பற்றி நீங்கள் எழுதியதை என் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டிக்கு 92 வயது. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணனை 1943-இல் ஜப்பான்காரன், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதை போட சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோனான். திரும்பி வரவேயில்லை. இறந்த மாதம், நாள் எதுவும் தெரியாததால் வருடா வருடம் மகாளய அமாவாசையன்று அவருக்குப் படைக்கிறோம்.

டிசம்பரில் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். காஞ்சனபுரிக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடிந்தது. போன வருடம் போய்வந்த என் தோழி, "அங்கே ஒன்றுமில்லை. பாலத்தில் செல்ஃபி, ஆற்றில் கரோக்கி, கல்லறையில் பார்த்தால் எல்லாம் வெள்ளைக்காரன் பெயர்" என்கிறாள். அப்படியானால் நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது? அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவரச் சொல்கிறார் பாட்டி. எடுக்கலாமா?

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னது பொய்யில்லை. நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் போனால் இன்னும் மோசம். பாலத் திருவிழா என்று வாணவேடிக்கையும் குண்டு வெடிக்கும் சத்தமுமாக ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். உங்கள் தேதி அதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "ஒன்றுமில்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்தக் கல்லறைத் தோட்டம். ஊர் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜப்பானிடம் சிறைப்பட்டு இறந்த ராணுவக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். புல்லை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருப்பார்கள். நான் வரிசை வரிசையாக நடந்து பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் இருபதுகளில் இருந்த பையன்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு ராணுவம் இருந்தது, பேரேடு இருந்தது, கூடவே சிறைப்பட்ட சொந்த அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்து வைத்தாவது யாரோ எழுதினார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு வந்து எலும்புகளைத் தேடி எடுத்தார்கள். நம்மவர்களோடு போனவர் யார்? தோட்டத்து மேஸ்திரியான கங்காணி, மிஞ்சினால் ஒரு கிராணி (எழுத்தர்). வாந்திபேதி வந்த முகாமில் அவர்களும் தப்பவில்லை.

இந்தப் பாதை போட்டவர்களில் ராணுவக் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கலாம் என்கிறார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எல்லோரும் அதில் சேர்த்தி. இறந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு 90,000. மதிப்பீடுதான், ஏனென்றால் எண்ணி வைத்தவர் இல்லை.

குடும்பத்தோடு போகிறீர்கள், எதற்காக இந்த ரயில் என்று யாராவது கேட்பார்கள். ஜப்பான் 1942-இல் பர்மாவைப் பிடித்துவிட்டது. அங்கிருக்கும் படைக்குச் சோறும் குண்டும் போகவேண்டும். கடல் வழியில் போனால் மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூன் வரை நீர்மூழ்கிகளின் தொல்லை. அதனால் தாய்லாந்தின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனைகளும் சந்தித்துவிட்டன. மலைக்காட்டில், பாதி மழைக்காலத்தில், பதினாறே மாதம்! தண்டவாளத்துக்குக்கூட மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அப்படியாக ஆளும் உங்கள் ஊர், இரும்பும் உங்கள் ஊர்.

தோட்டத்தில் ஆள்பிடித்த கதை பாட்டிக்கே என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், மூன்று மாதம்தான் என்று ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பாததைப் பார்த்து ஆள் வராமல் போனதும், இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே நேதாஜி படையில் சேர்ந்த தோட்டத்துப் பையன்களும் உண்டு.

சரி, எங்கே போவது. குவாய் ஆற்றுப் பாலத்தில் அரைமணி நேரம் போதும். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் வளைவில்லாமல் தெரியும் இரண்டும் போருக்குப் பிறகு மாற்றியவை. விமானக் குண்டில் விழுந்ததற்குப் பதில். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சினிமாவில் வருவதுபோல யாரும் ஆற்றில் இறங்கி வெடி வைக்கவில்லை.

அங்கிருந்து 'நாம் டோக்' என்ற ஊருக்குப் போகும் சாதாரண ரயிலில் ஏறிவிடுங்கள். போருக்குப் பின் தாய்லாந்து அரசு மறுபடி ஓடவிட்ட பகுதி அவ்வளவுதான், 1958-இல் நாம் டோக் வரை வந்து நின்றுவிட்டது. எல்லையில் சில கிலோமீட்டர் தண்டவாளத்தை பிரிட்டிஷார் பிடுங்கினார்கள். மேலே கொஞ்சம் தூரம் 1984-இல் கட்டிய அணையின் நீருக்கடியில் போய்விட்டது. தாம் கிராசே என்ற இடத்தில் ரயில் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் கையை நீட்டினால் பாறை, மறுபக்கம் நேர்கீழே ஆறு, நடுவில் மரக்கால்கள் மேல் பாதை. கிரீச் கிரீச் என்று அது முனகும். எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் சாய்வார்கள்; நானும் சாய்ந்தேன், மறைப்பானேன்.

இரண்டாவது நாள் முழுவதையும் ஹெல்ஃபயர் பாஸுக்கு, ரயில் போகப் பாறையில் வெட்டிய வழிக்கு, வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய அரசு பராமரிக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணமில்லை. பாறையை ஆளுயரத்துக்குப் பல மடங்கு ஆழமாகப் பிளந்திருப்பார்கள். ஒருவன் உளிக்கம்பியைப் பிடிக்க இன்னொருவன் சம்மட்டியால் அடித்து, துளை போட்டு, வெடி வைத்து. சுவரில் அந்தத் துளைகளின் பாதி இன்னும் இருக்கிறது, நெடுக்காக அரைவட்டக் கால்வாய் மாதிரி. என் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். உள்ளே வழவழப்பாக இருந்தது. ஓரிடத்தில் உடைந்த கம்பி ஒன்று பாறைக்குள் சிக்கியபடியே துருப்பிடித்து நிற்கிறது. ஆனால் அங்கே வெட்டியவர்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். எங்களை அழைத்துப்போன வழிகாட்டி இதோடு கதையை முடித்துவிட்டு வேனுக்குத் திரும்பினார். "ஏசியன் லேபர்?" என்று கேட்டேன். "யெஸ், ஆல்சோ" என்றார்.

நீங்கள் திரும்பாதீர்கள். பாதை காட்டுக்குள் தொடர்ந்து போகிறது. பழைய ரயில் போன அதே தடம். தண்டவாளம் இல்லை, காலடியில் சல்லி மட்டும் கடகடவென்று உருளும். மூன்று முறை சரிந்ததால் கைதிகள் சீட்டுக்கட்டுப் பாலம் என்று பெயர் வைத்த இடம் இப்போது வெறும் பள்ளம். அதைத் தாண்டி இரண்டு பக்கமும் மூங்கில், நடுவில் உயர்ந்த கரை. நான் ஓரமாக இறங்கி அந்தக் கரையைப் பக்கவாட்டில் பார்த்தேன். தேங்காய் அளவு, கைமுஷ்டி அளவு கற்கள், இடையில் மண், அதற்குள் மூங்கில் வேர். எந்திரம் கொட்டியதில்லை. இரண்டு மூங்கிலுக்கு நடுவில் சாக்கைக் கட்டியோ, கூடையிலோ, ஒவ்வொரு நடையாகக் கொண்டுவந்து கொட்டியது. எந்த நடை கைதியுடையது, எந்த நடை தோட்டத்து ஆளுடையது என்று பிரிக்க வழியில்லை. 415 கிலோமீட்டருக்கும் இப்படித்தான். அதனால்தான் "எங்கே பார்ப்பது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தக் கரையைச் சொல்கிறேன். அண்ணன் வேலை செய்தது இங்கேதான் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் செய்த வேலை எப்படி இருக்கும் என்பதை இங்கே தொட்டுப் பார்க்கலாம்.

படைக்க ஓர் இடம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்தே போகலாம், வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே உண்டு. 2023-இல் அதே வளாகத்தில் தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் எழுப்பியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை பேர் வெளியே கிடக்கிறார்களோ. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக்காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன.

அப்புறம் மண். நினைவிட எல்லைக்குள் எடுக்காதீர்கள், ஆளாளுக்கு ஒரு பிடி எடுத்தால் கரை மிஞ்சாது. வெளியில் எடுத்தாலும் அனுமதி இல்லாமல் மண்ணை மலேசியாவுக்குள் கொண்டுவர முடியாது, எல்லையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாட்டி கையால் எதையாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அதை நடுகல்லடியில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் கடிதத்தில் பாட்டியின் அண்ணன் பெயரும் இல்லை. பாட்டியிடம் இன்றே உட்கார்ந்து கேளுங்கள்: அவர் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), யாரோடு சேர்ந்து போனார். தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.