பழைய கார்களில் குழுவாக அருங்காட்சியகங்களுக்குச் சென்று நற்பணிக்கு நிதி திரட்டுவது நடைமுறைக்கு ஒத்துவருமா?

நிச்சயமாக ஒத்துவரும். பிரீமியர் பத்மினி என்ற பழைய இந்தியக் கார் ஒன்றைப் பராமரித்துவருபவன், நண்பர்களோடு இத்தகைய பயணங்களில் கலந்துகொண்டவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பழைய காரும் அருங்காட்சியகமும் ஒன்றுக்கொன்று நன்கு பொருந்துவதற்கு முதற்காரணம் நம் ஊர் வெயில். கார்பரேட்டர் வைத்த வண்டிகளில், மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருப்பதால், உச்சி வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நடுவழியில் நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சூடு ஆறும்வரை மரநிழலில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, பத்து மணிக்குள் ஊர் சேர்ந்து, வெயில் தாழும்வரை அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, நான்கு மணிக்குமேல் அடுத்த ஊருக்குக் கிளம்புவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம் போதும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, கீழடி, மதுரை என்ற வழித்தடத்தை நான் பரிந்துரைப்பேன். மொத்தத் தொலைவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் என்பதால் வண்டிகளுக்குச் சிரமமில்லை. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த 1011ஆம் ஆண்டின் ரிஷபவாகன தேவர், அதாவது எருதின்மேல் சாய்ந்து நிற்கும் சிவன், செப்புத்திருமேனி முன் நிதானமாக நில்லுங்கள். எருது இப்போது இல்லை. ஆயினும் அதன்மேல் சாய்ந்து கைவைத்த ஒயிலும், தலைப்பாகைபோல் சுற்றிக் கட்டிய சடையும் எருது அங்கேயே நிற்பதாக எண்ண வைக்கின்றன. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், சமஸ்தான காலத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அதன் தகுதிக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் உறுதியான கருத்து. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டப்பட்டது. பானை ஓட்டில் கீறப்பட்ட ‘ஆதன்’ என்ற பெயரை, நாங்கள் திரட்டிய நிதியில் அழைத்துவரப்பட்ட ஒரு பள்ளிச் சிறுமி எழுத்தெழுத்தாகப் படித்து, பக்கத்திலிருந்த தோழியை இழுத்துவந்து காட்டியதைப் பார்த்தபோது, அந்தப் பணம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று மனம் நிறைந்தது.

நிதியை அருங்காட்சியகத்தோடு தொடர்புள்ள பணிக்கே திரட்டுவது நல்லது. அந்தந்த மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து, உணவளித்து, விளக்கம் சொல்ல ஒருவரை அமர்த்துவதற்குப் பெருந்தொகை தேவைப்படுவதில்லை. பிள்ளைகளைப் பழைய கார்களில் ஏற்றக் கூடாது. பல வண்டிகளின் பின்னிருக்கையில் சீட் பெல்ட்டே கிடையாது. வளாகத்தில் வண்டிகளை நிறுத்தி, பானெட்டைத் திறந்து காட்டினாலே அவர்களுக்குக் கொண்டாட்டம்.

பணக்கணக்கில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். பெட்ரோல், தங்கும் அறை, சாப்பாடு ஆகியவை அவரவர் கைச்செலவாகவே இருக்க வேண்டும். கொடையாளர் தரும் தொகை உங்கள் கைக்கு வராமல், கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை தரும் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரே செல்லட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்பதையும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே அந்தச் சலுகை உண்டு என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால், பெட்ரோல் ஓஸ்களையும் பம்புக்குள் இருக்கும் டயஃபிரம் என்ற ரப்பர் சவ்வையும் புறப்படுமுன் மாற்றிவிடுவது அவசியம். பேன் பெல்ட், என்ஜினில் தீப்பொறி உண்டாக்க உதவும் பாயிண்ட், கண்டென்சர் ஆகியவை ஒவ்வொரு வண்டியிலும் உபரியாக இருக்கட்டும். ஆர்.சி. புதுப்பிப்பு, காப்பீடு, புகைச்சான்று ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று காலாவதியான வண்டியை, அது எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.

தை, மாசி மாதங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், நாளைக் குறிக்குமுன் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைபேசியில் பேசி, பள்ளிப் பேருந்தையும் கார்களையும் நிறுத்த இடம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.