முடி கொட்டாத வேட்டை நாய் வேண்டுமா? சீப்பையும் சேர்த்து யோசியுங்கள்

கேள்வி: உரிமம் பெற்றுப் பருவத்தில் கவுதாரி, காடை, வாத்து வேட்டைக்குப் போகிறேன். மற்ற வார இறுதிகளில் மலையேற்றம், முகாம். கூட வருவதற்கு ஒரு நாய் வேண்டும். லாப்ரடார் வாங்கலாம் என்றிருந்தேன். ஆனால் என் மனைவிக்கு நாய் முடி என்றாலே தும்மல். காரிலும் சோபாவிலும் முடி அப்புவது எனக்கும் பிடிக்காது. லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடில் எடுத்தால் இரண்டும் தீரும் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. சோபாவில் முடி என்பது துப்புரவுப் பிரச்சினை. மனைவியின் தும்மல் மருத்துவப் பிரச்சினை. முதலாவதற்கு நாயின் இனம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு இனத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தும்மலை வரவழைப்பது முடி அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். நாய் தன்னை நக்கும்போது அவை முடியில் படிகின்றன, காய்ந்து காற்றில் பறக்கின்றன. ‘அலர்ஜி தராத இனங்கள்’ என்று விற்கப்படும் நாய்களின் முடியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இனங்களில் முக்கியமான அலர்ஜிப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை. ஆகவே மனைவியை முதலில் அலர்ஜி மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதில் ‘கேன் எஃப் 5’ என்ற ஒன்று மட்டும் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாவது. அப்படிப்பட்டவர்கள் பலர் பெண் நாயோடு சிரமமில்லாமல் இருக்கிறார்கள். வேறு புரதம் என்றால், நீங்கள் தேர்ந்த இனத்தின் வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்கு மனைவியை அழைத்துப்போய், நாயைத் தடவி, அதன் பக்கத்திலேயே சில மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது, சில முறை. குட்டியை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. குட்டியின் முடியும் தோலும் பின்னால் மாறும்.

இனி துப்புரவு விஷயம். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே முரட்டு முடி, உள்ளே பஞ்சு போன்ற அடர்முடி. அந்த உள்முடி வருடம் முழுக்கக் கொஞ்சமும் பருவம் மாறும்போது கொத்தாகவும் கழலும். பூடில் போன்ற சுருள்முடி நாய்களின் முடி நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். கழலும் முடியும் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும், தரைக்கு வராது. இதுதான் யாரும் விளம்பரத்தில் சொல்லாத பகுதி: தரையில் விழாத முடி நாயின் மேலேயே இருக்கிறது. அதை எடுக்க வேண்டியது உங்கள் கை. துடைப்பத்தில் மிச்சமாகும் நேரம் சீப்பில் செலவாகும்.

நண்பர் சொன்ன லாப்ரடூடிலை எடுத்துக்கொள்வோம். 1989-இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்ற வளர்ப்பாளர், அலர்ஜி உள்ள கணவரோடு வாழ்ந்த பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டுமென்று லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த குட்டிகளில் மூன்றின் எச்சிலும் முடியும் அந்தக் கணவரிடம் சோதிக்கப்பட்டன. ஒன்று மட்டுமே ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றுக்குள்ளேயே இப்படி! கலப்பில் முடி எப்படி வரும் என்பது சீட்டாட்டம் மாதிரி. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு குறிப்பு உண்டு: வளர வளர மீசையும் தாடியும் முளைக்கும் நாய்கள் பொதுவாகக் குறைவாக உதிர்க்கும், வழவழப்பான முகம் உள்ளவை தாராளமாகக் கொட்டும். வேட்டைத் திறமையிலும் அதே நிச்சயமின்மைதான். பெரும்பாலான லாப்ரடூடில்கள் செல்லப்பிராணிச் சந்தைக்காக வளர்க்கப்படுபவை. தாய் தகப்பன் களத்தில் வேலை செய்ததா என்று கேட்டால் பதில் வராது.

உங்கள் வேட்டையைப் பார்த்தால் நிலப்பறவையும் உண்டு, நீர்ப்பறவையும் உண்டு. அதாவது புதரில் பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்டவும் வேண்டும், சுட்டது தண்ணீரில் விழுந்தால் நீந்திப்போய் எடுத்து வரவும் வேண்டும். இரண்டையும் செய்யவே உருவாக்கப்பட்ட கம்பிமுடி நாய்கள் இருக்கின்றன. அவற்றில் நான் உங்களுக்குச் சொல்வது கிரிஃபான், முழுப்பெயர் ஒயர்ஹேர்டு பாயின்டிங் கிரிஃபான். டச்சுக்காரரான எடுவார்ட் கோர்தால்ஸ் 1870-களில் தொடங்கி உருவாக்கிய இனம். ஆண் நாய் ஏறக்குறைய 56 முதல் 61 சென்டிமீட்டர் உயரம், பெண் அதைவிடச் சற்றுச் சிறியது. இது காற்றாய்ப் பறந்து கண்ணுக்கு மறையும் நாய் அல்ல. நடந்து வேட்டையாடுபவரை விட்டு அதிகம் விலகாமல் நிதானமாகத் தேடும். வீட்டுக்குள் ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும், தனியாகக் கூண்டில் கிடப்பது இதற்கு ஒத்துவராது. முடி கொஞ்சம் உதிரும், ஆனால் லாப்ரடாரோடு ஒப்பிட வேண்டாம். ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும்: தாடி. தண்ணீர் குடித்துவிட்டு அந்தத் தாடியை உங்கள் மடியில்தான் துடைக்கும்.

ஜெர்மன் ஒயர்ஹேர்டு பாயின்டரும் இதே வேலையைச் செய்யும், இன்னும் வேகமாக, இன்னும் மூர்க்கமாக. முதல் வேட்டை நாய் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் பூனையோ முயலோ இருந்தால் நிச்சயமாக வேண்டாம். பூடில், பாயின்டர் இரண்டையும் கலந்து 1880-களில் ஜெர்மனியில் தொடங்கிய புடல்பாயின்டர் நல்ல நாய். கிடைப்பது அரிது, காத்திருக்கவேண்டும், வேட்டைக்காரர் அல்லாதவருக்குப் பல வளர்ப்பாளர்கள் தருவதும் இல்லை. நீங்கள் வேட்டைக்காரர், அதனால் கேட்டுப்பாருங்கள்.

பெரிய பூடிலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது முதலில் தண்ணீரில் வாத்து எடுக்கும் நாய். மார்பிலும் மூட்டிலும் முடியை விட்டு மற்ற இடத்தில் மழிக்கும் அந்த வேடிக்கையான அலங்காரமே, குளிர்ந்த நீரில் உடம்பைக் காத்துக்கொண்டு லேசாக நீந்துவதற்காக வந்தது என்பார்கள். உதிர்வு மிகக் குறைவு என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். வாத்துதான் உங்கள் பிரதான வேட்டை என்று எழுதியிருந்தால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் வேலை செய்யும் வம்சத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும், கண்காட்சி வம்சங்களில் வேட்டை ஆர்வம் மங்கியிருக்கலாம். ஐரிஷ் வாட்டர் ஸ்பானியல், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் ஆகியவையும் தண்ணீரில் வேலை செய்யும் சுருள்முடி நாய்கள்தான். நின்று காட்டும் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. இத்தாலியின் லகோட்டோ சின்ன உருவம், அருமையான மூக்கு. இப்போது அதன் வேலை மண்ணுக்கடியில் இருக்கும் டிரஃபிள் காளானைத் தோண்டுவது.

அப்புறம் பராமரிப்பு. எந்த இனத்தை எடுத்தாலும் நீங்கள் கடைசியில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சுருள்முடி நாயை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கவேண்டும். இடையில் வாரம் சில முறை, சீப்பு தோலைத் தொடும் வரை சீவவேண்டும். மேலோட்டமாக பிரஷ் ஓட்டினால் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் கம்பளி மாதிரி சடை பிடித்திருக்கும். நனைந்தால் அந்தச் சடை இறுகித் தோலைப் புண்ணாக்கும். அதனால் குளிப்பாட்டும் முன்னே சிக்கெடுங்கள். வேட்டைப் பருவத்தில் உடம்பு முடியை ஒரு அங்குலத்துக்குள் வைத்திருப்பது உத்தமம்.

கம்பிமுடி வேறு விதம். இதை மெஷினால் மழித்தால் திரும்ப வருவது பலசமயம் மென்மையாக, நிறம் மங்கி, முள்ளைத் தடுக்கும் குணம் குறைந்து வரும். முதிர்ந்த முடியைக் கையால் பிடுங்கி எடுப்பதே முறை. பதமாக முதிர்ந்திருந்தால் நாய்க்குப் பெரிதாக வலிக்காது. வருடத்துக்குச் சில முறை போதும். இதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று குட்டிக்கு முன்பணம் கட்டும் முன்னே விசாரியுங்கள்.

காட்டிலிருந்து திரும்பியதும், காரில் ஏற்றும் முன், ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்: விரல் இடுக்கு, அக்குள், காதுக்குள், தாடி. உதிராத முடியில் ஒட்டுமுள்ளும் உண்ணியும் நன்றாக ஒளிந்துகொள்ளும். கூர்மையான புல்விதை விரலிடுக்கில் புகுந்தால் உள்ளே நகர்ந்துகொண்டே போகும், பிறகு அறுவைதான் வழி. தொங்கும் காது ஈரமாகவே இருந்தால் சீழ் பிடிக்கும். நீந்திய ஒவ்வொரு முறையும் காதைத் துடைத்து உலர்த்துங்கள்.

வளர்ப்பாளரிடம் போகும்போது குட்டியை அப்புறம் பார்க்கலாம், தாயைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் களத்தில் வேலை செய்வதையே பாருங்கள். அதன் முதுகில் கையை அழுத்தி ஓட்டினால் கையில் எவ்வளவு முடி வருகிறது? துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரள்கிறதா? தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே சான்று கேளுங்கள். பூடில் என்றால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அழியும் நோய் அந்த வம்சத்தில் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.