மனநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு வந்தவர் ஏன் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாகிறது?

உடம்பை யாரும் கவனிக்காததும் ஒரு காரணம். மனச்சிதைவு உள்ளவர் வயிறு வலிக்கிறது என்றால், அதையும் நோயின் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் மாத்திரையையே பாருங்கள். அது குடல் அசைவைக் குறைக்கும். மலச்சிக்கலை அலட்சியம் செய்தால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்புறம் சிகரெட். அந்தப் புகை, கல்லீரல் இந்த மருந்தை வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. வார்டில் புகைக்காமல் இருந்தபோது முடிவுசெய்த அளவு, வீட்டுக்கு வந்து மறுபடி புகைத்தால் போதாமல் போகும், நோய் திரும்பும். புகைப்பதைத் திடீரென நிறுத்தினாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்தாலும் நீர் வற்றி மருந்து உடம்பில் தேங்கும். டிஸ்சார்ஜ் அன்றே மலச்சிக்கல், புகைப்பழக்கம், எடை, சர்க்கரை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.